பாதித் தட்டுகள் பேசவில்லை

தொண்டாமுத்தூர்
12.6.1993

அன்புள்ள தம்பி அருளுக்கு,

அக்கா பூவாத்தாள் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று அம்மா தினமும் என்னைக் கேட்கிறாள். எனக்கு என்ன தெரியும், தபால்காரரைக் கேள் என்று சொல்லிவிட்டேன்.

கோயமுத்தூரைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார்கள். நீ நிஜ மான்செஸ்டருக்கே போய்ச் சேர்ந்துவிட்டாய். அங்கேயும் ஷிப்டுக்கு மில் சங்கு ஊதுகிறதா?

போன வாரம் யானை வந்து கிழக்குத் தோட்டத்து வாழையில் பாதியை மிதித்துவிட்டுப் போனது. மாமா டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். அங்கப்பக் கவுண்டருக்கு வயதாகிவிட்டது என்று அவரிடம் யார் சொல்வது? அம்மாதான், "அண்ணா, யானை உங்களைய அடையாளம் வெச்சுக்கும், வேண்டாமுங்க" என்று கத்தி நிறுத்தினாள்.

உன் கல்யாணத்தைத் தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் மாமா. எனக்கு அவர் பையன், உனக்கு அவர் பெண். பெண்ணைக் கொடுத்துப் பெண்ணை எடுத்தால் சொத்தும் வெளியே போகாது, சண்டையும் வெளியே போகாது. நாகமணியிடம் சம்மதம் கேட்டேன். "நங்கையா சொன்னாச் சரிதானுங்க" என்று அண்ணி என் தலையிலேயே போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போய்விட்டாள். நர்சரிப் பள்ளியில் கணக்கு நடத்துகிறாள் அல்லவா, அங்கே அவளைக் கண்டால் பிள்ளைகளுக்குப் பயம்.

என் வாண்டு அக்ஷயா நன்றாக இருக்கிறாள். சாப்பாட்டுக்குத்தான் அடம். ஆட்டு ஈரலும் முருங்கைக்கீரையுமாக ஊட்டிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு அங்கே என்ன வேலை என்று ஊரில் கேட்கிறார்கள். எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அன்புடன்
அக்கா


மான்செஸ்டர்
4.7.1993

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

அருள்குமார் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அம்மா, மாமா, மச்சான், அக்ஷயா எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

என் வேலை இதுதான். எலியின் செல்லையும் மனிதனின் செல்லையும் சேர்த்து வைத்து ஒரு மருந்து விட்டால், இரண்டின் மேல்சவ்வும் இளகி ஒரே செல்லாகிவிடும். அந்தக் கலப்புச் செல் சாகாது, பெருகும். ஆனால் போகப்போக மனிதக் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக உதறிவிடும். எலியுடையவை அப்படியே நிற்கும். எனக்கு வேண்டிய மனிதக் குரோமோசோம் எதில் தங்கியிருக்கிறதோ, அந்தச் செல்லை மட்டும் பொறுக்கித் தனித்தனித் தட்டில் வளர்க்கிறேன்.

ரத்தத்துக்குச் சிவப்பைத் தருவது ஹீமோகுளோபின். அதைச் செய்கிற ஜீன் நம் எல்லாச் செல்லிலும் உண்டு. சிவப்பணு உருவாகும் இடத்தில் மட்டும்தான் விழித்திருக்கும், மற்ற இடங்களில் தூங்கும். அப்படித் தூங்கும் மனித ஜீனை, சிவப்பணுவாகப் போகிற எலிச் செல்லோடு சேர்த்தால் எலி அதை எழுப்பிவிடுகிறது! மனிதனும் எலியும் பிரிந்து எத்தனையோ கோடி வருடம் ஆகியும் அது கூப்பிட்டால் இதற்குக் கேட்கிறது. ஜீன் விழித்துக்கொண்டால் 'பேசுகிறது' என்போம். முதல் முறை அளந்து பார்த்த அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

ரத்த நோய் உள்ளவர்களின் ஜீன் எப்படிப் பேசுகிறது என்று பார்ப்பதுதான் கடைசி நோக்கம். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆளின் ரத்தம் வேண்டும். அதற்கு இங்கே யாரும் வெளியே அலைவதில்லை. சட்டைக் கையை மடக்கி நானே கொடுத்துவிட்டேன். என் ரத்தம்தான் இங்கே உரைகல்.

தை மாதம் எனக்குச் சம்மதம். நாகமணியிடம் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி
அருள்


தொண்டாமுத்தூர்
29.7.1993

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அனைவரும் சுகம்.

எலிக்கும் மனுசனுக்கும் சம்பந்தம் பேசி முடிக்கிற தரகு வேலை என்று ஊரில் சொல்லிவிட்டேன். உன் கலப்புச் செல்லை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. மருமகள் கொண்டுவந்த சீர்ச் சாமானை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வீசுகிற மாமியார் வீடு போல இருக்கிறதே அந்த எலி! ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதையும் தான் சொன்னபடி பேச வைக்கிறது.

அம்மாவுக்குத்தான் கோபம். "எலிக்கு ஊத்தறதுக்கா ராகிக்களி கிண்டிப் போட்டு வளத்துனேன்?" என்கிறாள். இனிமேல் வேறு யாருடைய ரத்தத்தையாவது எடுக்கச் சொல்கிறாள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டு ராசாத்தாளின் பேத்திக்கு ரத்தம் ஏற்ற வேண்டுமாம். அடிக்கடி ஏற்றினால் சின்னக் குழந்தைக்குக் கெடுதல் உண்டா? வளர்ந்தால் சரியாகிவிடுமா? அவர்கள் பயப்படுகிறார்கள், அதனால் கேட்கிறேன். மறக்காமல் எழுது.

மேட்டுப்பாளையத்திலிருந்து பாக்கு வியாபாரி வந்திருக்கிறார், காபி போடப் போக வேண்டும்.

அன்புடன்
அக்கா


மான்செஸ்டர்
22.8.1993

அக்காவுக்கு வணக்கம்.

நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்க வேண்டும்.

சோதித்த ரத்தம் என்றால் ஏற்றுவதில் உடனடிப் பயமில்லை. ஆனால் அடிக்கடி என்று எழுதியிருக்கிறீர்கள். சும்மா ரத்தசோகைக்கு அப்படி ஏற்ற மாட்டார்கள். டாக்டர் நோய்க்கு என்ன பெயர் சொன்னார் என்று கேட்டு எழுதுங்கள். தலசீமியா என்றால் வளர்ந்து சரியாகாது, காலம் முழுக்க ஏற்ற வேண்டும். இரும்புச்சத்து டானிக் கொடுத்துக்கொண்டிருந்தால் முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். ஏற்றுகிற ரத்தத்திலேயே இரும்பு உண்டு, அது உடம்பில் தேங்கினால் ஈரலும் இதயமும் கெடும்.

இங்கே எனக்கு வேலை சரியாகப் போகவில்லை. என் ரத்தத்தில் செய்த கலப்புத் தட்டுகளில் பாதி பேசுகின்றன, பாதி வாயே திறக்கவில்லை. எலியின் ஜீன் எல்லாத் தட்டிலும் பேசுகிறது, மனித ஜீன் மட்டும் பாதியில் ஊமை. நான் கைசுத்தமாகச் செய்யவில்லை என்று என் புரொபசர் நினைக்கிறார். ஊமையான தட்டை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். கூட வேலை செய்யும் ஒருவருடைய ரத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன்.

அக்ஷயாவுக்குக் கலர் பென்சில் அனுப்பியிருக்கிறேன்.

அருள்


தொண்டாமுத்தூர்
10.9.1993

அன்புத் தம்பிக்கு,

சுகம். கலர் பென்சில் வந்தது. அக்ஷயா சுவர் முழுக்க யானை போட்டுவிட்டாள், பச்சை யானை.

அந்தக் குழந்தைக்கு இப்போது பரவாயில்லையாம். நீ அதை நினைத்துக்கொண்டிருக்காதே.

புதன்கிழமை உப்புச் சக்கரை மாற்றி உறுதி செய்துகொண்டோம். ஒரே வீட்டுக்குள் யார் யாருக்கு மாற்றுவது என்று சிரிப்பு. கடைசியில் அம்மா வாசல் பக்கம் உட்கார்ந்து மாப்பிள்ளை வீடு ஆனாள், மாமா சமையலறைப் பக்கம் உட்கார்ந்து பெண் வீடு ஆனார். நாகமணிக்கு ஆர்.எஸ்.புரத்தில் அரக்குப் பட்டு எடுத்தோம்.

கண்ணு, உடம்பைப் பார்த்துக்கொள். கல்யாணம் நல்லபடி நடக்க வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

அக்கா


மான்செஸ்டர்
2.11.1993

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை அதிகம். நலம்.

ஒரு விஷயம். கல்யாணத்துக்கு முன்னால் நாகமணிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஹீமோகுளோபின் எலக்ட்ரோபோரசிஸ் என்று பெயர், தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். கோவையில் எடுத்து அனுப்பினால் முடிவு வந்துவிடும். இங்கே எல்லோரும் இப்படிப் பார்த்துக்கொண்டுதான் கல்யாணம் செய்கிறார்கள். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

மாமாவிடம் பக்குவமாகச் சொல்லவும். முடிவு தெரிந்ததும் எழுதுங்கள்.

அருள்குமார்


தொண்டாமுத்தூர்
30.11.1993

தம்பிக்கு,

எல்லோரும் இருக்கிறோம்.

பக்குவமாகச் சொல்லச் சொன்னாய். எந்தப் பக்குவத்தில் சொல்வது? மாமா எழுந்து நின்றுவிட்டார். "கண்ணபுரம் சந்தைல மாட்டுக்குப் பல்லைப் புடிச்சுப் பாக்கற மாதிரி எம் புள்ளையப் பாக்கச் சொல்றானா? சீமைக்குப் போனா சொந்தம் மறந்து போகுமா?" என்று கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனவர் இருட்டிய பிறகுதான் வந்தார். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நாகமணிதான் ஜாக்கெட் மாற்றிக்கொண்டு வந்தாள். "ஊசிதானுங்களே நங்கையா, குத்திக்கிட்டு வந்துரலாம்" என்றாள். ஆர்.எஸ்.புரத்தில் டாக்டர் சுந்தரராஜுலுவிடம் கூட்டிக்கொண்டு போனேன். நீ எழுதிய தாளைப் பார்த்ததும் அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

முடிவு வந்துவிட்டது. தலசீமியா மைனராம். அவளுக்கு ஒரு கெடுதலும் இல்லை, ஜீன் இரண்டில் ஒன்று சரியில்லை, மற்றது போதும் என்றார். கட்டுகிறவருக்கும் அதே குறை இருந்தால்தான் பிறக்கிற குழந்தைக்கு ஆபத்து, நாலில் ஒரு பங்கு. கட்டுகிறவருக்கு இல்லையென்றால் பயமே இல்லை என்றார்.

நீ கேட்ட பதில் இதுதான். இனி நீ பதில் எழுது. உடனே எழுது. வீட்டில் பேசியது எப்படியோ வெளியே போய்விட்டது.

அக்கா


தொண்டாமுத்தூர்
26.12.1993

அன்புள்ள மாப்பிள்ளை அருள்குமாருக்கு,

உங்கள் மச்சான் கோபாலசாமி எழுதுகிறேன். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் அக்கா எழுதக்கூடாது என்று சொன்னதை எழுதுகிறேன். ராசாத்தாள் பேத்திக்கு ஒன்றும் இல்லை. அக்ஷயாவுக்குத்தான் தலசீமியா. சித்திரையிலிருந்து மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறோம். ஈரலும் டானிக்கும் கொடுத்துக்கொண்டிருந்தவள் உங்கள் கடிதம் பார்த்துத்தான் நிறுத்தினாள். அன்று அவள் அழுததை நான் பார்த்தேன். தெரிந்தால் நீங்கள் கல்யாணம் வேண்டாம் என்பீர்கள், என் தங்கைக்கு அது இழுக்கு என்றுதான் மறைத்தாள்.

எனக்கும் பூவாத்தாளுக்கும் அந்தக் குறை இருப்பது தெரியும். இப்போது நாகமணிக்கும் என்று ஆகிவிட்டது. முடிவை எழுதி நாள் ஆகிவிட்டது, உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. பெண்ணுக்குக் கெட்ட ரத்தம், அதனால் மாப்பிள்ளை கைவிட்டுவிட்டார் என்று ஊர் பேசுகிறது. நாகமணி வகுப்பிலிருந்து இரண்டு பேர் பிள்ளையை எடுத்து வேறு வகுப்பில் போட்டுவிட்டார்கள், என்னமோ தொத்திக்கொள்ளும் என்பது போல. அப்பா அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் எப்போதும் போலப் பள்ளிக்கூடம் போய் வருகிறாள்.

நான் கேட்பது ஒன்றுதான், மாப்பிள்ளை. பூவாத்தாளுக்கு இருக்கிற குறை உடன்பிறந்த உங்களுக்கும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். நீங்கள் உங்கள் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டீர்களா?

இப்படிக்கு
கோபாலசாமி


மான்செஸ்டர்
9.1.1994

அக்காவுக்கும் மச்சானுக்கும்,

அக்ஷயா எப்படி இருக்கிறாள்? முதலில் அதை எழுதுங்கள்.

இந்தக் கடிதத்தை மாமா, அம்மா, நாகமணி மூவரும் இருக்கும்போது சத்தமாகப் படிக்க வேண்டும். ராசாத்தாள் இருந்தாலும் நல்லது, அவர் வாய்க்குப் போனால் ஊருக்குப் போய்விடும்.

எனக்கும் அந்தக் குறை இருக்கிறது. நாகமணிக்கு இருப்பது எதுவோ அதுவேதான்.

செப்டம்பர் கடைசியிலேயே எனக்குத் தெரியும். இரண்டாவது முறை செய்தபோதும் என் ரத்தத்தில் வந்த தட்டுகளில் பாதி பேசவில்லை. பக்கத்தில் வைத்த நண்பரின் தட்டுகள் அத்தனையும் பேசின. என் கையில் பிழை இல்லை என்று அப்போது புரிந்தது. அந்தக் குரோமோசோம் நமக்கு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வருகிறது. உடம்புக்குள் இரண்டும் சேர்ந்தே இருப்பதால் ஒன்றின் குறையை மற்றது மூடிவிடும். கலப்புச் செல்லில் பெரும்பாலும் ஏதாவது ஒன்றுதான் தங்கும், மூடுவதற்கு ஆள் இல்லை. ஊமைத் தட்டுகளில் இருந்தது என்னுடைய கெட்ட ஜீன். நான்தான் நோயில்லாத உரைகல் என்று நம்பி அதை எல்லாம் குப்பையில் போட்டேன்.

மறுநாளே சாதாரண ரத்தப் பரிசோதனையும் செய்தேன். சந்தேகமில்லை.

அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். நாகமணிக்கு இல்லை என்று முடிவு வந்துவிட்டால் என் விஷயத்தைச் சொல்லவே தேவையிருக்காது என்று நினைத்தேன். அவளுக்கும் இருக்கிறது என்று நீங்கள் எழுதியதும் பயந்துபோனேன். உங்கள் இருவருக்கும் இருந்தால் அக்ஷயாவுக்கு என்ன ஆகும் என்ற நினைப்பும் வந்தது. கேட்டால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டி வரும் என்று கேட்காமலே இருந்தேன். இதைக் கோழைத்தனம் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. நாகமணி மேல் ஒரு குற்றமும் கிடையாது. ஊர் பேசுவதற்கு நான்தான் காரணம்.

கல்யாணத்தை நாகமணி முடிவு செய்யட்டும். நான் தயாராக இருக்கிறேன். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே பரிசோதிக்க வழி வந்துவிட்டது, வேலூரில் விசாரிக்கலாம். வேண்டாமென்றால் குழந்தை இல்லாமலே இருந்துகொள்ளலாம்.

அருள்


தொண்டாமுத்தூர்
25.1.1994

தம்பிக்கு,

நீ சொன்னபடியே படித்தேன். ராசாத்தாளையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

மாமா கேட்டு முடித்ததும் நாகமணியைப் பார்த்து, "சாப்டயா அம்மணி?" என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் வார்த்தை. "சாப்டனுங்கப்பா" என்றாள். அம்மாதான், "எங்கண்ணன் ஊட்டு ரத்தமும் என் ரத்தமும் ஒண்ணுதானுங்களே, இதுல ஆரைச் சொல்லறது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நான் எந்த வாயால் திட்டுவது? நீ மறைத்தாய், நானும் மறைத்தேன். நான் முதலில் சொல்லியிருந்தால் நீ சொல்லியிருப்பாயோ என்னவோ. என் பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளை என்று எழுதிய கை இது.

அக்ஷயாவுக்கு ஏற்றிய வாரம் முகம் தெளிகிறது, மாதக் கடைசியில் வெளுத்துவிடுகிறது. இரும்பை வெளியேற்ற ஊசி வேண்டும் என்கிறார் டாக்டர். இனிமேல் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நாகமணி வாங்கி வைத்துக்கொண்டாள். அவளே உனக்கு எழுதுவாளாம்.

அக்கா


தொண்டாமுத்தூர்
11.2.1994

வணக்கம்.

இதுவரை நான் உங்களுக்கு எழுதியதில்லை. முதல் கடிதத்தை மாமா என்று ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன். இப்போது அது சரிப்படாது. அண்ணா என்று எழுதவும் கை வரவில்லை. அதனால் முறை போடாமல் எழுதுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். நீங்கள் நலமா? இங்கே எனக்கு ஒரு கெடுதலும் இல்லை, டாக்டரே சொல்லிவிட்டார்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அப்பா என்னோடு பழையபடி பேசுகிறார். வகுப்பை மாற்றிய பிள்ளைகளும் திரும்பி வந்துவிட்டார்கள். அதற்கு நன்றி.

கலப்புச் செல் பற்றி நீங்கள் எழுதியது எனக்குப் புரிந்தது. நாலில் ஒன்று என்கிற கணக்கும் புரிந்தது, நான் கணக்கு டீச்சர். வேலூருக்குப் போய்ப் பார்க்கலாம் என்றாலும் சரி, குழந்தையே வேண்டாம் என்றாலும் சரி, இரண்டுக்கும் நான் சம்மதித்திருப்பேன். ஊசி குத்தச் சொன்ன கடிதத்தில், எனக்கும் இப்படி இருக்கிறது நாகமணி, உனக்கும் பார்த்துவிடலாம் என்று ஒரு வரி நீங்கள் எழுதியிருந்தால் போதும். அப்பாவிடம் சண்டை போட்டாவது தையிலேயே உங்களைக் கட்டியிருப்பேன்.

நான் தெருவில் போனால் பேச்சை நிறுத்துவார்கள், கடந்து போன பிறகு ஆரம்பிப்பார்கள். அந்த நாளெல்லாம் நீங்களும் சாப்பிட்டு, தூங்கி, வேலைக்குப் போய்க்கொண்டுதானே இருந்திருப்பீர்கள். அதை நினைக்காமல் இருக்க முயற்சி செய்து பார்த்தேன். உங்களைக் கட்டிக்கொண்டால், நீங்கள் சும்மா பேசாமல் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்கூட என்ன மறைக்கிறீர்களோ என்றுதான் எனக்குத் தோன்றும். உங்களுக்கும் அது கஷ்டம். அதனால் கல்யாணம் வேண்டாம். அப்பாவிடமும் அத்தையிடமும் நானே சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அக்ஷயாவுக்கு ரத்தம் ஏற்ற நானும் நங்கையாவோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அவளுக்கு ஆகிற மருந்து ஏதாவது அங்கே வந்தால் எழுதுங்கள். நல்ல செய்தியாக இல்லாவிட்டாலும் தெரிந்த அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு
அ. நாகமணி